சிவப்புக் குறி போட்ட குப்பி

என் வீட்டுக்காரர் உமாசங்கர் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். லாரியில் வந்து இறங்கும் சரக்கைப் பார்த்து 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' என்று சொல்வதுதான் அவர் வேலை. பெரும்பாலும் ரிஜெக்ட். அவர் திருப்பி அனுப்பிய ஆணி, திருகு, வாஷர்களை ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் ஹுசைன் சாகர் ஏரி தூர்ந்து, நடுவில் இருக்கும் புத்தர் சிலை தரையில் நின்றிருக்கும். பெண் பார்க்க வந்த அன்று என்னை ஜன்னல் பக்கம், வெளிச்சத்துக்கு வந்து நிற்கச் சொன்ன மனுஷர். என்னை எப்படிப் பாஸ் செய்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மேகமூட்டமாக இருந்திருக்கும்.

நான் அதே வளாகத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அடுத்தவர் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கியவள். இப்போது சைனிக்புரியில் கீழ் வீட்டில் நாங்கள் இருவரும், மாடியில் தாரிணி என்ற கோயம்புத்தூர்ப் பெண்ணும் இருக்கிறோம். ஷாமீர்பேட்டைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் செல் வளர்க்கிறாள். ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குக்கூட ஒரு நாள் லீவு கிடைக்கும், இவளுக்குக் கிடையாது.

மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. அன்று ஆராய்ச்சிக்கூட ஆபீஸுக்கு லீவு, பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இருக்கமாட்டார்கள் என்று எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள். "ஆன்ட்டி, பார்சல் வந்தா அப்படியே ஃப்ரீசர்ல வெச்சுடுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேனுங்க" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். பார்சல் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். விதி.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் எங்கள் ஹால் மேசையில் பெட்டி பிரிந்து கிடக்கிறது. அட்டைக்குள் தெர்மாகோல், அதற்குள் ஐஸ் பை, அதற்குள் ஒரு ஜிப் கவர், அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. இவர் மேசை விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ரிடையர் ஆன பிறகு அந்த முகத்தில் அப்படியொரு ஒளியை நான் பார்த்ததே இல்லை.

"ரோகிணி, இங்க வா. இதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"ஏன்னா ஒண்ணும் இல்லை. காலிக் குப்பிய அனுப்பியிருக்கான். அந்தப் பொண்ணு சின்னவ, ஏமாத்திடலாம்னு நினைச்சிருக்கான்."

அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து, அங்கே மாட்டிய ஒரு பையனைப் போட்டு வறுத்திருக்கிறார். அந்தப் பையன், "சார், புரோட்டீன் உள்ளதான் இருக்கு, ரொம்பக் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாது" என்றானாம். "கண்ணுக்குத் தெரியாததை நீ எப்படிப்பா பேக் பண்ணினே" என்று இவர் கேட்டாராம். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். நானாக இருந்தால் வேலையையே விட்டிருப்பேன்.

அதோடு நிற்கவில்லை. ரிஜெக்ட் ஆன சரக்கை யாரும் திருட்டுத்தனமாகத் திரும்ப உள்ளே நுழைத்துவிடக் கூடாது என்று தொழிற்சாலையில் அதன்மேல் சிவப்பு பெயிண்ட் அடிப்பார்கள். வீட்டில் பெயிண்ட் இல்லாததால் என் நகப்பூச்சை எடுத்து, குப்பியின் மூடிமேல் அழகாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். லேபிளை ஆவியில் காட்டி உரித்து, கம்பெனிக்குச் சாட்சியாக எடுத்து வைத்துவிட்டார். ஆக, அது இப்போது மொட்டைக் குப்பி.

"சரி, ஃப்ரீசர்லயாவது வைங்க" என்றேன்.

"ஃப்ரீசர்ல இருக்கறதெல்லாம் நாம ஏத்துக்கிட்ட சரக்கு. ரிஜெக்ட் ஆனதை அதோட சேர்த்து வைக்கக் கூடாது."

ஃப்ரீசரில் இருந்தது ஒரு பை பட்டாணியும் ஐஸ் தட்டும். அவற்றின் கற்பைக் காப்பாற்றுவதற்காகக் குப்பியை மேற்குச் சுவர் ஓரத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். மே மாதத்தில் அந்த பீரோவுக்குள் பப்படம் வைத்தால் பொரியும்.

சாயங்காலம் தாரிணி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், அது காலி இல்லீங்க. தண்ணியில கரைச்சு, உறைய வெச்சு, உலர்த்தி அனுப்புவாங்க. குப்பி சுவத்துல மூச்சுக்காத்து பட்ட மாதிரி ஒட்டிட்டிருக்கும். ஒரு உப்புக்கல்லை விடக் கம்மிங்க."

"உப்புக்கல் கண்ணுக்குத் தெரியுமேம்மா."

"அதைவிடக் கம்மின்னு சொல்றேனுங்க."

"அப்ப இல்லைன்னுதானே அர்த்தம்."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். அவள் வளர்ப்பவை இன்னும் எதுவாகவும் ஆகாத மனித செல்கள். நரம்பாகலாம், தோலாகலாம், இதயத் தசையாகலாம். இன்னும் முடிவு செய்யவில்லை. அவற்றை அப்படியே குழந்தைகளாக வைத்திருப்பதுதான் இந்தப் புரதத்தின் வேலை. பெயர் என்னவோ வளர்ச்சிக் காரணி. செய்வதோ, இப்போதைக்குப் பெரியவர்களாகிவிடாதீர்கள் என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டே இருப்பது. மனிதப் புரதம்தான், ஆனால் மனிதரிடமிருந்து எடுப்பதில்லை. அதைச் செய்யும் குறிப்பை ஒரு பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதனிடம் செய்து வாங்குகிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பழைய இருப்பு, ஃப்ரீசர் பழுதானதில் வீணாகிவிட்டது. நாளை சாயங்காலத்துக்குள் இதைக் கொடுக்காவிட்டால் செல்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கண்டபடி வளர ஆரம்பித்துவிடும். நாலு மாத உழைப்பு போய்விடும். பொறுக்கி எடுத்த செல்கள், திரும்பக் கிடைக்காது.

"என் பிஎச்டியே அதுலதானுங்க இருக்குது" என்றாள்.

இவர் முகம் வாடிவிட்டது. ஆனால் சாவியை எடுக்கவில்லை. "நான் ரிஜெக்ட்னு சொல்லிட்டேன், அவனும் ஒத்துக்கிட்டான். இப்ப அது அவன் சரக்கும்மா. இல்லாததை நம்பி நீ செல்லுக்குக் கொடுத்து, அது போச்சுன்னா? பாஸ் பண்ணினது நான்னு ஆகும். பார்க்காம எதையும் நான் பாஸ் பண்ணினதில்லை."

தாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே காபியோடு போனேன்.

"பீரோ சூட்டுல அது கெட்டுப்போயிருக்குமா?"

"பொடியா இருக்கறதால ஒரு நாள் தாங்குங்க ஆன்ட்டி. அதுக்கு மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

அவள் அழுவதற்குத் தயாராக இருந்தாள். நான் அந்த நேரத்தில் ஜன்னல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அதே போல ஒரு குப்பி. அதே அளவு, அதே மூடி. உள்ளே கம்மல் திருகுகள்.

"இது என்ன?"

"பழைய குப்பிங்க. தீர்ந்து போனது. திருகு தொலையாம இருக்கட்டும்னு போட்டு வெச்சிருக்கேன்."

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரண்டு அதிகாரிகளின் லைனை வேண்டுமென்றே ஒன்றாகச் சேர்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு இப்படி எழுந்ததில்லை.

"திருகைக் கொட்டு. கழுவித் துடை. லேபிளை உரி" என்றேன். "காலியை எடுத்துட்டு இன்னொரு காலியை வெச்சா, காலின்னு சொல்றவருக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகுது?"

"ஆன்ட்டி, அங்கிளுக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது. அவர்தான் கண்ணுக்குத் தெரியறதை மட்டும் நம்பறவராச்சே."

மறுநாள் காலை அவர் குளிக்கப் போகும்போது பீரோ சாவியையும் சோப்புப் பெட்டியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார். கொண்டு போகட்டும். அந்த பீரோவின் கீழ்ப்பக்கம் முழங்காலால் ஓர் இடி கொடுத்து, கைப்பிடியைத் தூக்கி இழுத்தால், சாவி இல்லாமலே திறக்கும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்தேன். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் பீரோவையும் ரிஜெக்ட் செய்துவிடுவார், நான் எங்கே போய்ப் புடவை வைப்பது.

அவர் முதுகு தேய்த்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. பழைய குப்பியின் மூடியில் அதே நகப்பூச்சால் அதே பெருக்கல் குறி. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் போட்ட மாதிரியே வலது கோட்டைக் கொஞ்சம் நீளமாக இழுத்தேன். அசல் குப்பி தாரிணியின் சாப்பாட்டுப் பையில், ஐஸ் நடுவில். அவள் இவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். வருத்தமாக நட என்று நான் சொல்லியிருந்தேன். அவள் ஒரு படி மேலே போய் மூக்கை வேறு உறிஞ்சினாள்.

இவர் இட்லியைத் தொடவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்காமல், அடுத்த தெரு முகமது யூசுப் பாய் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். யூசுப் பாய் வாணியம்பாடிக்காரர். ராணுவத்தில் வண்டி ஓட்டி, திருமுல்கேரியில் வெகுகாலம் இருந்து, பேச்சில் பாதியை இந்த ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர். அவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். பீரோவை நான் தோளால் பெயர்த்ததாக வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. என் சாவியால் திறந்தேன். பீரோ திறந்து கிடந்தது. குப்பி இல்லை. மேசையில் தெர்மாஸ் ஃப்ளாஸ்க்கும் இல்லை. எதிர் வீட்டு வாட்ச்மேனைக் கேட்டால், "சாரு ஆட்டோல ஷாமீர்பேட் போயாரு அம்மா" என்றான்.

மனுஷர் மனம் இரங்கிவிட்டார். காலம் பூராவும் இரங்காதவர், நான் குப்பியை மாற்றி வைத்த அன்றைக்குப் பார்த்து இரங்கியிருக்கிறார். தாரிணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. செல் அறைக்குள் அவள் போனைக் கொண்டு போவதில்லை. திரும்ப யூசுப் பாய் வீட்டுக்கே ஓடினேன்.

"பாய், வண்டியை எடுங்க."

"கைக்கு பெஹன், எதுக்கு? இப்பத்தானே டீ குடிச்சுட்டுப் போனீங்க."

"அவர் கையில ஒண்ணு இருக்கு, தாரிணி கையில ஒண்ணு இருக்கு. ரெண்டுலயும் சிவப்புக் குறி இருக்கு."

யூசுப் பாய் சாவியை எடுத்துவிட்டார். அவருடைய பழைய மாருதி ராணுவத்தில் இருந்திருந்தால் இந்நேரம் மெடல் வாங்கியிருக்கும். லாரிகள் ஒதுங்கின, எருமைகள் ஒதுங்கின, ஒரு கல்யாண ஊர்வலம் மாப்பிள்ளைக் குதிரையோடு ஒதுங்கியது. நான் சொல்வதில் கால்வாசியைக் கழித்துக்கொண்டாலும் வேகம் அதிகம்தான். "மெதுவாப் போங்க பாய்" என்றேன். "நக்கோ, வேணாம், இப்ப பிரேக்கைத் தொட்டா அது கழண்டுடும்" என்றார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் காவலர் திகைத்து நின்றிருந்தார். உள்ளே விடமாட்டேன் என்று அவர் தடுத்ததற்கு, அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, போட்டோ மங்கல், முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு இவர் உள்ளே போயிருக்கிறார். "நான் அவர் வொய்ஃப்" என்றேன். அதற்கு மேல் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை, பாவமாகப் பார்த்தார்.

தாரிணி செல் அறைக்கு முந்தின அறையில் நின்றிருந்தாள். முன்னால் வட்டமான ஒரு சின்ன இயந்திரம், மூடி திறந்தபடி. பிறகுதான் அது என்னவென்று தெரிந்துகொண்டேன். குப்பியைத் திறப்பதற்கு முன் அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பொடி அப்போதுதான் அடியில் இறங்கும். அப்படியே திறந்தால் பறந்து போய்விடும். ஒரு பக்கம் குப்பி வைத்தால் எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் ஆட்டம் போடும். அவள் அசல் குப்பியை வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்துக்குச் சரியான எடையில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவர் நுழைந்திருக்கிறார்.

நான் உள்ளே வந்தபோது இவர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மாற்றுக் குப்பியைக் கைக்குட்டையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா தாரிணி, நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். இந்தக் குப்பி காலின்னு எனக்குத் தெரியும். ஆனா நீ முட்டாள் இல்லைன்னும் தெரியும். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. குப்பியை நேத்துதான் பார்த்தேன். உன்னை ரெண்டு வருஷமாப் பார்க்கிறேன். அதனால பாஸ் பண்றேன். கம்பெனிக்கும் வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

தாரிணி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் உதடு ஓரம் துடித்தது. சிரித்தால் கெட்டது. நான் கண்ணாலேயே, வாங்கிக்கொள் என்றேன்.

"ரொம்ப நன்றிங்க அங்கிள்" என்று வாங்கி, வேறு வழி தெரியாமல், அசலுக்கு எதிர்ப்பக்கம் அதையே வைத்து மூடினாள். கச்சிதமான எடை. இயந்திரம் ஒரு கொசு போல ரீங்காரமிட்டுவிட்டு நின்றது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், சுழலும் எதையும் பார்த்தால் கையை வைக்காமல் இருக்க முடியாத என் வீட்டுக்காரர், தானே மூடியைத் திறந்து, இரண்டு குப்பிகளையும் இரண்டு கைகளிலும் எடுத்து, விளக்குக்கு நேராகத் தூக்கி, இடம் மாற்றி, திரும்ப மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் காலியாத்தான் தெரியுது" என்றார்.

தாரிணியின் முகத்தில் ரத்தம் இல்லை. எது அசல் என்று இப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"இது என்ன, ரெண்டுலயும் சிவப்புக் குறி?"

என் மூளை இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தது போலிருக்கிறது.

"எதிர்ப்பக்கம் எடை சரியா இருக்க வேண்டாமா?" என்றேன். "நீங்கதான் மூடியில நகப்பூச்சைப் பூசி வெச்சுட்டீங்க. அந்தப் பூச்சோட எடைக்கும் ஈடு கட்டணும்ல? அதான் அவ இதுலயும் குறி போட்டிருக்கா."

அவர் மெதுவாகத் திரும்பித் தாரிணியைப் பார்த்தார். காதல் கடிதம் கிடைத்த வாலிபனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு அப்படியொரு முகம் காட்டியதில்லை.

"நகப்பூச்சு எடையைக்கூட விடலையா நீ" என்றார்.

"விட முடியாதுங்களே அங்கிள்" என்றாள் தாரிணி. பெண் தேறிவிட்டாள்.

பிறகு அவள் இரண்டு குப்பிகளையும் வாங்கி, உள்ளே கொண்டுபோய், இரண்டிலும் கரைசலை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்து, இரண்டையும் உறிஞ்சி ஒன்றாகச் சேர்த்து, கிருமி போக வடிகட்டி, செல்களுக்கான திரவத்தில் கலந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற இவர், ஈடாக வைத்ததையும் ஏன் கலக்கிறாள் என்று என்னைக் கேட்டார். "ஒண்ணை மட்டும் கரைச்சா இன்னொண்ணு மேல சந்தேகம் வரும்ல" என்றேன். அது முறைதான் என்று தலையை ஆட்டினார். என்ன முறை என்று எனக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் தாரிணி அவருக்கு மைக்ரோஸ்கோப்பில் செல்களைக் காட்டினாள். வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு, "கும்பல் கும்பலா உட்கார்ந்திருக்கே, ரேஷன் கடை மாதிரி" என்றார்.

"அப்படியே உட்கார்ந்திருக்கணுமுங்க. கலைஞ்சு ஓட ஆரம்பிச்சா போச்சு. செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுடும்."

என்னைத் தனியே இழுத்து, "ஆன்ட்டி, நேத்து பீரோ சூட்டுல அது செத்திருந்தா?" என்று முணுமுணுத்தாள். திரும்பி வரும்போது மாருதியில் நான் வாயே திறக்கவில்லை. யூசுப் பாய் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

திங்கட்கிழமை முழுவதும் இவர் வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடந்தார். தேர்தலில் நின்றவர்கள்கூட அப்படி நடந்திருக்கமாட்டார்கள். நானும் நடந்திருப்பேன், ஆனால் இரண்டு பேர் நடந்தால் சந்தேகம் வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாரிணி கேட்டைத் திறந்து ஓடி வந்தாள். போனில் போட்டோ. வட்ட வட்டமாக, ஓரம் கலையாமல், செல்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் பெரிய மனுஷனாகியிருக்கவில்லை.

இவர் போனை வாங்கி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, படத்தை மூலைக்கு மூலை பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பார்த்தியா ரோகிணி. கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன். பலிச்சுது."

"பலிச்சுதுங்க" என்றேன். தாரிணி சட்டென்று மாடிக்கு ஓடிவிட்டாள். மேலே அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கும் சத்தம் கீழே வரை கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தோடு பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர், ஒரு கூடை பங்கனப்பள்ளி மாம்பழத்தை அமுக்காமல், முகராமல், கடைக்காரன் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வந்தார். அத்தனையும் புளிப்பு. நாங்கள் மூன்று பேரும், யூசுப் பாயும், ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றோம்.